தலைவர் இல்லமும் ஆராய்ச்சி மணியும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் ஒருவர், திரிசூலம் நிலையத்தைக் கடக்கையில் எதிரே விமான நிலையத்தைக் காண்கிறார். அதன் உள்நாட்டு முனையத்திற்குக் காமராசர் பெயர். பன்னாட்டு முனையத்திற்கு அறிஞர் அண்ணாவின் பெயர். கிண்டியில் இறங்கி நடந்தால் காந்தி மண்டப வளாகத்தில் இராசாசிக்கும் காமராசருக்கும் நினைவிடங்கள் உள்ளன. ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் சென்றால், முன்னாளில் மௌபரீஸ் சாலை என வழங்கிய சாலை இன்று டி.டி.கே. சாலை என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒன்றரை மணி நேரப் பயணத்திற்குள் இத்தனை தலைவர்களின் பெயர்கள் கண்ணிற்படுகின்றன.

இடத்திற்குப் பெயர் சூட்ட ஓர் அரசாணை போதும். அப்பெயரைக் கேட்டவுடன் மக்கள் நெஞ்சில் எது எழ வேண்டும் என்பதை எவ்வாணையும் வகுக்க இயலாது. பழந்தமிழர் அதனைப் புகழ் என்றனர். இன்றைய அரசியல் நூலார் மரபுரிமை என்கின்றனர். ஒரு தலைவர் தாமே செய்த செயல்களால் மட்டும் அப்புகழ் அமைவதில்லை. அவர்தம் இல்லத்தார் செய்தவையும், செய்ததாகச் சொல்லப்பட்டவையும் அதனுள் வந்து கலக்கின்றன. மகன்மீதோ மருமகன்மீதோ எழும் ஊழல் பழி, தந்தையின் வாழ்நாள் உழைப்பை எவ்வளவு தூரம் அரிக்கும்? எப்போது அரிக்கும்? எப்போது அரிக்காமல் விடும்? இவ்வுரை இவ்வினாக்களையே எடுத்துக்கொள்கிறது. அண்மைக்கால வழக்குகள் இன்னும் சூடு தணியாதவை. கட்சிச் சார்பு அவற்றில் கண்ணை மறைக்கும். ஆகவே, நடுநிலையோடு நோக்கத்தக்க பழைய நிகழ்ச்சிகளே இங்குச் சான்றுகளாகின்றன.

ஒரு கட்டடம் சொல்லும் கதை

அண்ணா சாலையிலுள்ள 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அறியாத சென்னைவாசி இல்லை. நெடுங்காலம், வெளியூரிலிருந்து வருவோர் முதலில் பார்க்க விரும்பிய கட்டடம் அதுவே. 1959-இல் அதனைத் திறந்து வைத்தவர் அன்றைய மைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அவர் அப்பதவிக்கு வந்ததே அதற்கு முந்தைய ஆண்டு, டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியதால்தான். டி.டி.கே. விலகியதோ அக்கட்டடத்திற்கு உரிய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தைப் பற்றிய விவகாரத்தால். அவ்விவகாரத்தை மக்களவையில் எழுப்பியவர் பிரதமர் நேருவின் சொந்த மருமகனாகிய பெரோஸ் காந்தி.

பெரோஸ் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமரின் ஒரே மகளின் கணவர். 1955-இல் தனியார் காப்பீட்டு நிறுவனமொன்றின் முறைகேடுகளை அவையில் விரித்துரைத்தவர் அவர். மறு ஆண்டில் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதற்கு அவ்வுரை ஒரு தூண்டுதலாயிற்று. அவ்வாறு பிறந்த கழகம், அரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியதை 1957 டிசம்பரில் அவரே வெளிக்கொணர்ந்தார். மாமனாரின் அரசைத்தான் மருமகன் கேள்வி கேட்டார்.

நேரு விசாரணைக்கு இணங்கினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அதனைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. சில வாரங்களுக்குள் அறிக்கை வந்தது. அதிகாரிகளின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பாளர் என்று அது கூறியது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். நேருவுக்கு அது பேரிழப்பு. தாம் பெரிதும் மதித்த அமைச்சரை அவர் இழந்தார். ஆயினும் அந்நிகழ்ச்சி நேருவின் பெயருக்குக் களங்கமாக நினைக்கப்படுவதில்லை. கேள்வி அவர் வீட்டிற்குள்ளிருந்தே எழுந்தது. அதனை அவர் தடுக்கவில்லை என்பதே காரணம்.

டி.டி.கே.யின் இரு விலகல்கள்

டி.டி. கிருஷ்ணமாச்சாரி இவ்வூரார்க்கு அயலார் அல்லர். இன்று தாம்பரத்தில் மரங்களிடையே நிற்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இங்கு வருமுன், நகருக்குள் ஜார்ஜ் டவுனில் இருந்த நாள்களில் அங்குப் பயின்றவர் அவர். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். 1957-இல் செல்வவரி, செலவுவரி ஆகிய புதிய வரிகளைக் கொணர்ந்தவர். இரண்டாம் முறை நிதியமைச்சராக இருந்தபோது யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் 1964-இல் தோன்றின. நாட்டின் பொருளாதார அமைப்பில் அவர் கைபட்ட இடங்கள் பல.

அவர் இரு முறை பதவி விலகினார். முதல் விலகல் மேலே கண்டது. வெளிப்படையான விசாரணை நடந்தது. முடிவு அவருக்குப் பாதகமாகவே வந்தது. ஆயினும் நான்கே ஆண்டுகளில், 1962-இல், மீண்டும் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1963 ஆகஸ்டில் காமராசர் திட்டத்தின்படி மொரார்ஜி விலகவே, அதே நிதித்துறை அவரிடம் திரும்பி வந்தது.

இரண்டாவது விலகல் 1965 டிசம்பர் இறுதியில் நிகழ்ந்தது. அவர் அரசியலுக்கு வருமுன் தொடங்கிய வணிக நிறுவனம் அப்போது அவர்தம் மக்களின் பொறுப்பில் இருந்தது. அமைச்சரின் செல்வாக்கால் குடும்ப நிறுவனங்கள் பயனடைந்தன என்று நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் பிரதமரிடம் முறையிட்டனர். லால் பகதூர் சாஸ்திரி அம்முறையீட்டை உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் கருத்துக்கு விட எண்ணினார். டி.டி.கே. அதற்கு உடன்படாமல் விலகினார். இரு வாரங்களுக்குள் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார்.

இவ்விரு விலகல்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முதலாவதில் விசாரணை நடந்தது. தீர்ப்பு பாதகமாக இருந்தும் மனிதர் மீண்டார். இரண்டாவதில் குற்றம் நிறுவப்படவில்லை, மனிதர் மீளவில்லை. 1974-இல் மறையும்வரை அவர் அமைச்சரவைக்குத் திரும்பவேயில்லை. வயதும் அரசியல் மாற்றங்களும் இதில் பங்கு கொண்டிருக்கலாம். எனினும், குடும்பத்தின்மீது எழுந்த ஐயம் ஆராயப்படாது நின்றால், பாதகமான தீர்ப்பைக் காட்டிலும் அது நீண்ட நிழலை வீழ்த்தும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகிறது. ஒருகால் அவரும் அவர்தம் மக்களும் முற்றிலும் குற்றமற்றவர்களாகவே இருந்திருப்பின், அந்நிழல் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகும். அவ்வநீதியை நீக்கும் வழியும் விசாரணை ஒன்றே.

மொரார்ஜியின் அளவுகோல்

எளிமைக்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்றவர் மொரார்ஜி தேசாய். மதுவிலக்கில் உறுதியானவர். 1963 சனவரியில் அவர் கொணர்ந்த தங்கக் கட்டுப்பாட்டால் 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வது தடைபட்டது. தமிழகத்துப் பொற்கொல்லர் குடும்பங்கள் பல பட்டறையை மூடிவிட்டு வேறு தொழில் தேடின. நாட்டின் நலனுக்காக மக்கள் துன்பம் பொறுக்க வேண்டும் என்று கருதியவர் அவர்.

1977-இல் நாட்டின் முதல் காங்கிரசல்லாத பிரதமரானார். அவர் ஆட்சி செய்த நற்பணிகள் எளிதில் மறக்கத்தக்கவை அல்ல. 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நெருக்கடி நிலையை எளிதில் அறிவிக்க இயலாதவாறு தடைகளை அமைத்தது. அதே ஆண்டு சனவரியில் 1000, 5000, 10000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கறுப்புப் பணத்தை ஒழிப்பதே அதன் நோக்கம். நெருக்கடி நிலைக் கொடுமைகளை ஆராய நீதிபதி ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி கார் நிறுவனத்தின் விவகாரங்களை ஆராய நீதிபதி ஏ.சி. குப்தா தலைமையில் 1977-இல் மற்றோர் ஆணையம் அமைந்தது.

ஒரு பிரதமரின் மகன் தாயின் பதவியால் பயனடைந்தாரா என்பதை நாடறிய ஆராய வேண்டும் என்று அவ்வாட்சி கருதியது. அது முற்றிலும் முறையே. ஆனால் மொரார்ஜிக்கும் காந்திலால் என்னும் மகன் இருந்தார். தந்தையோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்து அவர் பணிகளுக்கு உதவியவர். அவர்தம் வணிகத் தொடர்புகளைப் பற்றிய கேள்விகள் 1960-களின் இறுதியிலேயே, மொரார்ஜி துணைப் பிரதமராக இருந்தபோது, நாடாளுமன்றத்தில் எழுந்திருந்தன. 1978-இல் அவை மீண்டும் எழுந்தன. விசாரணை வேண்டுமென்று எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். உள்துறை அமைச்சர் சரண் சிங். மொரார்ஜி இணங்கவில்லை. இருவருக்குமிடையே பிணக்கு முற்றி, அவ்வாண்டு சூன் இறுதியில் சரண் சிங் அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகஸ்டில் மாநிலங்களவை விசாரணை கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி வைத்தியலிங்கத்தின் ஆய்வுக்குச் செய்தி சென்றபோது காலம் கடந்திருந்தது. 1979 சூலையில் ஆட்சியே கவிழ்ந்தது.

காந்திலால் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. அதனை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடுதல் அறம். ஆயினும் மொரார்ஜியின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அம்மகனைக் குறிப்பிடாமல் எழுத முடிவதில்லை. 1991-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1995-இல் தம் நூறாம் வயதில் மறைந்தார். அத்தனை நீண்ட தூய வாழ்வில் ஒட்டிக்கொண்ட கறை எது? மகன் செய்ததாகச் சொல்லப்பட்ட செயலைவிட, பிறர் மகனுக்கு ஓர் அளவுகோலும் தம் மகனுக்கு வேறோர் அளவுகோலும் வைத்தார் என்னும் எண்ணமே அக்கறை. பொற்கொல்லரிடம் கண்டிப்பு, தம் வீட்டில் நெகிழ்வு என்று பேசுவோர்க்கு அவரே இடம் தந்துவிட்டார்.

தாயும் தனயனும்

டி.டி.கே.யையும் மொரார்ஜியையும் மாறி மாறி நிதித்துறைக்குக் கொணர்ந்த அரசியல் ஆட்டத்தின் நடுவே நின்றவர் காமராசர். 1964-இலும் 1966-இலும் மொரார்ஜி பிரதமராகாமல் தடுத்தவரும் அவரே. விருதுநகரில் அவர்தம் அன்னை சிவகாமி அம்மையார் எளிய வீட்டில் வாழ்ந்தார். முதலமைச்சரின் தாய் என்பதற்காக அவ்வீட்டிற்குத் தனியே குடிநீர்க் குழாய் அமைத்தபோது, அதனை அகற்றச் செய்தார் மகன் என்பது தமிழகமெங்கும் வழங்கும் செய்தி. அவர் இறந்தபோது விட்டுச்சென்ற உடைமை மிகச் சிறிது என்பதையும் எல்லாரும் அறிவர்.

மணமாகாதவர்க்கு இது எளிது என்று சொல்வாரும் உளர். தாயன்பு மகப்பாசத்திற்குக் குறைந்ததா என்று அவர்களைக் கேட்கலாம். ஊழல் என்று எவரும் பெயரிடத் துணியாத சிறு சலுகை அக்குழாய். அங்கேயே நிறுத்தியதால் பெரியது எதுவும் அவ்வில்லத்தை அணுகவில்லை.

அவர்தம் தூய்மை அவருக்குத் தேர்தல் வெற்றியை ஈட்டித் தரவில்லை என்பதும் கருதத்தக்கது. 1967-இல் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மறுபுறம், மாருதி ஆணையத்தின் அறிக்கை வந்தபின்னும் 1980-இல் இந்திரா காந்தி பெருவெற்றி பெற்றார், சஞ்சயும் வென்றார். வாக்குப்பெட்டி வேறு, புகழ் வேறு. வாக்கு அன்றன்றைய பசியையும் விலையையும் கோபத்தையும் எண்ணி விழுவது. புகழோ தலைமுறை கடந்தபின் மெல்லத் தீர்வது. 1967-இல் காமராசரைத் தோற்கடித்த கட்சியைச் சேர்ந்தோரும் இன்று அவரைப் போற்றுகின்றனர்.

குடும்பமுள்ள தலைவர் ஒருவர், மக்கள் உண்மையாகவே குற்றம் செய்துவிட்ட நிலையில், என் செய்வது? தென்கொரியக் குடியரசுத் தலைவர் கிம் தே சுங் இதற்கு ஒரு விடை. நெடுங்காலம் சிறையும் மரண தண்டனையும் கண்டு, மக்களாட்சிக்காகப் போராடியவர். 2000-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். 2002-இல், அவர் பதவியிலிருக்கும்போதே, அவர்தம் மக்கள் இருவர் ஊழல் வழக்குகளில் கைது செய்யப்பட்டுத் தண்டனையும் பெற்றனர். அவர் சட்டத்தின் கையைத் தடுக்கவில்லை; நாட்டு மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மக்கள் செய்த குற்றம் அவர் வரலாற்றில் ஒரு துயரப் பக்கமாக நிற்கிறது. நூல் முழுவதையும் அது விழுங்கிவிடவில்லை. நிறுவப்பட்ட குற்றம் ஒரு தலைவரை வீழ்த்தாமல் விட்டது. நிறுவப்படாத ஐயம் வேறிருவரை வாட்டியது. காரணம், விசாரணைக்கு வாயில் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே.

தமிழ் மரபு வகுத்த முறை

இவ்வுண்மை தமிழுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் அரசியலில் அதிகாரங்களை வைத்த முறையை நோக்குக. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டனையும் கூறிய பின்னரே சுற்றந்தழாலைக் கூறுகிறார். ஆராய்ந்து தேர்தல் முன்னது. உறவைத் தழுவுதல் பின்னது. அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதாரை நம்பினால் அது எல்லாப் பேதைமையும் தரும் என்று தெளிந்து உரைத்தவரும் அவரே. சுற்றந்தழாலை அடுத்துப் பொச்சாவாமை வருகிறது; சுற்றம் சூழ்ந்த மகிழ்ச்சியில் மறதி வந்துவிடும் என்று எச்சரிப்பது போல. அதனையும் அடுத்தே செங்கோன்மை. சுற்றத்தை வெறுக்கச் சொல்லவில்லை வள்ளுவர். அதனை எங்கு நிறுத்த வேண்டும் என்பதை வரிசையாலேயே காட்டினார்.

மனுநீதிச் சோழன் வரலாற்றில் தேர்க்காலில் மகனை இட்ட செய்தியே எல்லார் நினைவிலும் நிற்கிறது. இன்றைய அறம் அத்தண்டனையை ஏற்காது. ஆனால் அதற்கு முன் நிகழ்ந்தது ஒன்றுண்டு: அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது, அதன் கயிறு ஒரு பசுவுக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் இளவரசன் என்று அறிந்தபின்னும் மன்னன் அக்கயிற்றை அறுக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை நிற்பதன் பொருள் அதுவே. நேருவின் வீட்டில் பெரோசே மணியாக இருந்தார். விருதுநகரில் மணி அடிக்கும் முன்னரே மகன் விழித்துக்கொண்டார். மொரார்ஜி அயல் வீட்டு மணிக்குச் செவி சாய்த்தார். தம் வீட்டுக் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

மரபின் மறுபக்கமும் உண்டு. மலையமானின் இளஞ்சிறார்களை யானைக் காலில் இட முற்பட்டான் கிள்ளிவளவன். கோவூர்கிழார் இடைப்புகுந்து அவர்களைக் காத்தார். தந்தைமேல் கொண்ட பகைக்கு மக்களைப் பலியிடலாகாது என்பது அவர் நிலைநாட்டிய அறம். தலைவரின் வீட்டில் பிறந்ததனாலேயே ஒருவரைக் கள்வர் என்று பேசுவதும், தெருமுனைச் செய்தியைத் தீர்ப்பாக எழுதுவதும் அந்த யானையை ஏவுவதற்கு ஒப்பாகும்.

கவிஞர்க்கு உரியது

கவியரங்கங்களில் தலைவர்களைப் பாடும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. இவ்வவையிலுள்ள கவிஞர் பலர் பிறந்தநாள் விழாக்களுக்கும் நினைவு நாள்களுக்கும் பாடியவர்கள். அதில் தவறில்லை, புகழைப் பாடாத புலவர் மரபு இல்லை. ஆனால் தலைவரைப் பாடிய நா, அவர்தம் மகனையும் மருமகனையும் பேரனையும் அதே உவமைகளால் பாடும்போது, ஆராய்ச்சி மணியின் நாவில் துணி சுற்றப்படுகிறது. அதனால் தலைவருக்கும் நன்மையில்லை. வீட்டிலுள்ளோரின் குறையை அவர் செவியில் சேர்க்கத் துணிந்தவர் எவருமிலராக, எல்லாம் முடிந்தபின் செய்தித்தாள் வழியே அதனை அவர் அறிய நேர்கிறது.

கோப்பெருஞ்சோழன் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. மக்கள் அவனுக்கு எதிராகப் போருக்கு எழுந்தனர். அவனும் படையோடு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் அவன் முன் நின்று, வென்றாலும் தோற்றாலும் எய்தப்போகும் பழியை எடுத்துரைத்தார். அவன் கேட்டான், போரைக் கைவிட்டான், பின் வடக்கிருந்தான். பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து அவனருகே அமர்ந்தார். இன்று கோப்பெருஞ்சோழன் என்றால் நட்பே நினைவுக்கு வருகிறது. அவன் மக்களின் பெயரைப் புறநானூறு குறிக்கவுமில்லை. குடும்பத்தால் அழிந்திருக்க வேண்டிய ஒரு புகழைக் காத்தவர், முகத்துக்கு நேரே உண்மை சொன்ன ஒரு புலவர்.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் கவிஞர்களைப் பாடச் செய்தது. பாடியதைக் கேட்டுக் குறை சொல்லவும் செய்தது. ஒருவர் கவிதையை மற்றவர் அவர் முன்னிலையிலேயே திருத்தும் பழக்கம் இங்கு உண்டு. அவ்வளவு துணிவு போதும். தலைவர் ஒருவரைப் பாட அடுத்த முறை எழுதுகோல் எடுக்கும் கவிஞர், அவர் வீட்டு வாயிலில் மணி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதட்டும். தொங்கினால் அதனையும் பாடட்டும். தொங்கவில்லையெனில், அதனைக் கேட்கும் உரிமையும் கடமையும் எயிற்றியனார் காலம் முதலே புலவர்க்கு உண்டு.